குளத்துக்கு நான் தெரிவு செய்த படங்கு

எங்கள் வீட்டு நீச்சல் குளத்துக்குக் குளிர்கால மூடியைத் தெரிவு செய்தவள் நான். பேத்தி தவறி விழுந்துவிடுவாள் என்று காரணம் சொன்னேன். அது பொய். லீலா அந்தத் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதற்காகவே அந்த மூடியைக் கேட்டேன்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினையுங்கள்.

எழுத்து எனக்கு அவ்வளவாக ஓடாது. மூன்றாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். ஆனாலும் இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்க முடியாது அல்லவா? யாரிடம் சொல்வேன்? மகனிடமா? அவனுக்குத் தெரியக்கூடாது என்றுதானே இத்தனை காலமும்...

மகன் குலம் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். எழுபதுகளின் நடுவில் என்னை சிட்னிக்குக் கூப்பிட்டான். அவன் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு நீச்சல் குளம் கிடந்தது. முந்திய சொந்தக்காரன் கட்டியது. மகனுக்கு நீந்தத் தெரியாது. மருமகள் ராஜிக்கும் தெரியாது. எனக்கோ கேட்கவே வேண்டாம். ஆனாலும் ஊருக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் குளத்தைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லுவேன். எனக்கு அப்படியொரு பெருமை!

அந்தத் தண்ணீரை உண்மையில் பயன்படுத்தியவள் லீலா ஒருத்திதான்.

லீலா, மகனோடு வேலை செய்த பரமனின் மனைவி. ஆஸ்பத்திரியில் தாதி. தெருவைக் கடக்கும்போது கார் அடித்துத் தொடையெலும்பு முறிந்து, பொருத்தியும் கால் சரியாக ஊன்றவில்லை. தண்ணீருக்குள் நடந்து பழகினால் கால் பலப்படும், வசந்தத்துக்குள் தடி இல்லாமல் நின்று காட்டினால் வார்டு வேலையைத் திரும்பவும் தரலாம் என்று சொல்லியிருந்தார்கள். பொதுக் குளங்களைக் குளிர் தொடங்கியதும் பூட்டிவிடுவார்கள். "எங்கட வீட்டை வாருங்கோ லீலா" என்று ராஜிதான் கூப்பிட்டாள்.

சனிக்கிழமைகளில் வருவாள். கரையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொங்கலுக்கு நடப்பாள். பிறகு இந்தத் தொங்கலுக்கு. வலித்தால் பல்லைக் கடிப்பாள், நாங்கள் பார்த்தால் சிரிப்பாள்.

நான் ஒரு கதிரையைப் போட்டுக் கால்களைத் தண்ணீரில் விட்டபடி இருப்பேன். என் குதிவெடிப்புக்கு அது இதமாக இருக்கும்.

"அம்மா, இறங்குங்கோவன். சீலையோட இறங்கினியளெண்டா காத்துப் பிடிச்சுச் சட்டி மாதிரி மிதப்பியள். தாழவே மாட்டியள்!"

"போம் பிள்ளை! உமக்குக் கால்தான் ஏலாது, வாய் நல்லா ஓடுது."

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். சனிக்கிழமை வந்தால் காலையிலேயே கதிரையைத் துடைத்து வைப்பேன். அவள் 'அம்மா' என்று கூப்பிடுவது காதுக்கு இதமாக இருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். யார் என்னைக் கேட்கச் சொன்னது!

ஒருநாள் கேட்டேன். "பிள்ளை, உம்மட ஊரிலை எந்தப் பக்கம்?"

"சந்தைக்குக் கிழக்காலை அம்மா."

"கோயிலுக்கு அங்காலையோ, இஞ்சாலையோ?"

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "அங்காலை. கடைசி ஒழுங்கை."

"அப்பு என்ன செய்தவர்?"

அவள் சிரித்தாள். முன்பு சிரித்த சிரிப்பு அல்ல. "இன்னும் ஒரு கேள்வி கேட்டா என்ர சாதகத்தையே எழுதிப் போடுவியள் அம்மா. அப்பு பனை ஏறினவர். ஏறி ஏறித்தான் என்னைப் படிப்பிச்சவர்."

வெளியாருக்கு இது ஏதோ ஊர்க்கதை போலத் தெரியும். எங்களுக்குத் தெரியும், அது என்ன விசாரணை என்று. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். எழுத்துக்கு முன்பே அதைத்தான் கற்றேன்!

எங்கள் வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. அதில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்பது நான் பிறக்குமுன்பே முடிவாகியிருந்தது. எங்கள் ஊரிலும் கடைசி ஒழுங்கை என்று ஒரு சந்து இருந்தது. அந்தப் பெண்கள் வேலிக்கு வெளியே குடத்தோடு காத்து நிற்பார்கள். நாங்கள் மனம் வைத்து அள்ளி ஊற்றினால் உண்டு. நானும் ஊற்றியிருக்கிறேன். அதைப் புண்ணியம் என்று வேறு நினைத்திருக்கிறேன்... நீங்கள் நம்புவீர்களா?

அந்தக் கேள்வி முடிந்ததும் என் கால்களைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தேன். குளிருகிறது என்றேன். எழுந்துபோய்த் தோட்டத்துக் குழாயில் கழுவினேன். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

எவ்வளவு மடைத்தனம்! வாழ்நாள் முழுவதும் கவனிக்கப் பழகியவள் கவனிக்காமல் விடுவாளா?

அதன்பிறகு அவள் சொன்ன 'அம்மா' எனக்கு உறுத்தத் தொடங்கியது. ஊரில் என்றால் அவளுடைய தாய்கூட என்னை 'நாச்சியார்' என்றல்லவா கூப்பிட்டிருப்பாள்!

ஊரில் கிணறு தீட்டுப்பட்டுவிட்டது என்றால் முழுவதையும் இறைத்து ஊற்றிவிடுவோம். மகனிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி, இந்தத் தண்ணியை ஒருக்கா முழுக்க இறைச்சுப்போட்டு மாத்தேலாதோ?"

"ஏனம்மா? மருந்து போடுறம்தானே. அது எல்லாத்தையும் கொன்றுபோடும்."

எல்லாவற்றையுமா? என்னிடம் இருந்ததை அது கொல்லவில்லையே, தம்பி!

அவனுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் என்னோடு சண்டை பிடித்திருப்பான். நான் வளர்த்த பிள்ளைதான். ஆனாலும் இந்தப் புத்தி அவனிடம் ஒட்டவில்லை. அதை நினைத்துச் சிலவேளை பெருமையும் வருகிறது, சிலவேளை கோபமும் வருகிறது. இந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு இலை கொட்டத் தொடங்கியது. பக்கத்து வளவு யூக்கலிப்ரஸ் மரம் இலையும் பட்டையுமாகக் குளத்தை நிரப்பியது. குளிர்காலத்துக்கு ஒரு மூடி வாங்கிப் போட்டால் தண்ணீர் பழுதாகாது என்று ராஜி சொன்னாள். ஒரு கடைக்காரன் வீட்டுக்கே வந்து மாதிரித் துண்டுகளைக் குசினி மேசையில் விரித்தான்.

ஒன்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாள். தண்ணீரின் மேல் மிதக்கும். ஓரங்களில் தண்ணீர் நிரப்பிய பைகளைப் பாரத்துக்கு வைப்பார்கள். இரண்டு பெண்கள் பிடித்தால் சுருட்டி எடுத்துவிடலாம். வெயிலின் சூடும் தண்ணீருக்குள் இறங்கி நிற்குமாம்.

ராஜியின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதாப் போச்சு! வெயில் நாளிலை சுருட்டிப்போட்டு லீலா இறங்கலாம். தண்ணியும் விறைக்காது."

மற்றது படங்கு. லொறிகளின் சுமைக்கு மேல் போர்த்திக் கட்டுவார்களே, அந்தத் தடித்த துணி. குளத்தின் அளவுக்குத் தைத்துத் தருவார்கள். சுற்றிவர சீமெந்தில் பித்தளைக் கொளுக்கிகளை இறுக்கி, படங்கின் ஓரத்து ஸ்பிரிங்குகளை ஓர் இரும்புக் கம்பியால் நெம்பி இழுத்து மாட்ட வேண்டும். கழற்றவும் அதே கம்பி வேண்டும், ஓர் ஆணின் பலமும் வேண்டும். அடியில் வெயில் போகாது.

அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். எவ்வளவு பாரம்! எவ்வளவு முரடு! எனக்கு வேண்டியது இதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது.

"இதைத்தான் போட வேணும்" என்றேன்.

மகன் சிரித்தான். "அம்மா, இது லொறிக்குப் போடுறது. இஞ்சை என்ன, பனியே கொட்டுது? சிட்னியிலை பாதிப்பேர் குளத்தை மூடுறதே இல்லையெண்டு இந்த மனுசனே சொல்லுது."

"தேவி இப்பதான் நடக்கத் தொடங்கியிருக்கிறாள்." பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆம், குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்! "அந்தத் தாளைப் போட்டா நிலம் மாதிரித் தெரியும். பிள்ளை ஏறி நடந்தா என்ன நடக்கும்? நீங்கள் வேலைக்குப் போவியள். நான் கிழவி, ஓடிப் பிடிக்க மாட்டன்."

ராஜி எழுந்துவந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நான் சொன்னது உண்மையும்கூட! அதுதான் கொடுமை. அந்தத் தாள் குழந்தைகளுக்கு ஆபத்தானதுதான். கடைக்காரனும் தலையாட்டினான். ஓர் உண்மையைக் கையில் எடுத்து, அதைக்கொண்டே பொய் சொன்னேன். தனிப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள்...

"சரி, படங்கே போடுவம்" என்றான் மகன். "நிறத்தையாவது நாங்கள் சொல்லலாமோ, இல்லை அதுவும் நீங்கள்தானோ?"

பச்சையை எடுத்தார்கள். கொளுக்கிகள் அறையும் சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். படங்கு மேளத்தோல் போல இறுகி நின்றது. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். "பெரியாக்களுக்குத்தான் இந்த யோசினை வரும்" என்றார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

மழை வந்தது. நடுவில் நீர் தேங்கிப் படங்கு தொய்ந்தது. அதற்குள் இலை ஊறி அழுகி நாறியது. நுளம்பு பிறந்தது. மகன் வேலையால் களைத்து வந்து வாளியால் அள்ளி ஊற்றுவான், முணுமுணுப்பான். காற்றடித்தால் கொளுக்கிகள் கிறீச்சிடும். எனக்குத் தலையிடிக்கும். ஆனால் நான் என்ன சொல்ல முடியும்? நான் கேட்டு வாங்கியது! ஒரு முறைப்பாடுகூடச் சொல்ல வாயில்லாமல் யன்னலோரம் இருந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீ, என்ன பிழைப்பு!

இந்த அளவோடு நின்றிருந்தால்கூடப் பாதிப் பாவம் என்று சொல்லலாம். நிற்கவில்லையே...

குளிர் முடியும் காலத்தில், ஓகஸ்டில், இங்கே சில நாட்கள் திடீரென்று வெயில் எறிக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை. மகன் மேலதிக வேலைக்குப் போய்விட்டான். ராஜி தொலைபேசியில் பேசுவது கேட்டது. "வாருங்கோ லீலா. படங்கு போட்ட நாள் தொட்டு நீங்கள் இறங்கேல்லை, இன்னும் இடைவேளை விட்டிட்டா கால் பழையபடி இறுகிப் போடும். கம்பி கொட்டிலுக்கை கிடக்கு. ரெண்டு பேருமா ஒரு பக்கத்தைக் கழட்டுவம். அரைவாசிக் குளம் காணும்தானே?"

நான் எழுந்தேன். பின்வளவுக் கொட்டிலுக்குப் போனேன். கம்பியை எடுத்தேன். என் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து என் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே செருகினேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நானும்தான் கேட்கிறேன். அந்த நேரத்தில் ஒரு யோசனையும் இருக்கவில்லை. சமைப்பதுபோல, கூட்டுவதுபோல, கை தன்பாட்டில் செய்தது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்!

லீலா பஸ்ஸில் வந்தாள். தோளில் துவாய், கையில் தடி. சட்டைக்கு உள்ளே நீச்சலுடை போட்டு ஆயத்தமாகவே வந்திருந்தாள். அவளும் ராஜியும் கொட்டிலைத் தலைகீழாகக் கிண்டினார்கள். அந்தக் காலோடு லீலா குனிந்து பெட்டிகளுக்கு அடியில் பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மனுசன் ஒரு சாமானை வைச்ச இடத்திலை வைக்காது!" ராஜி கத்தினாள். "வரட்டும் பின்னேரம், குடுக்கிறன்!"

பிறகு வெறும் கையால் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தாள். விரல் தோல் உரிந்து இரத்தம் வந்தது.

"விடுங்கோ ராஜி" என்றாள் லீலா. "அது கிடைக்காது."

அவள் ராஜியைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு என் கதிரையில் மெல்ல அமர்ந்தாள், காலை நீட்டிக்கொண்டு.

"எங்கட பள்ளிக்கூடக் கிணத்துக்கும் ஒருக்கா மூடி போட்டவை அம்மா. நாங்கள் கொஞ்சப் பிள்ளையள் புதுசாச் சேர்ந்த வருசம். பிள்ளையள் விழுந்திடுங்களெண்டு சொன்னவை."

ராஜி கொழும்பில் பிறந்து வளர்ந்தவள், இந்தக் கிணற்றுக் கதைகள் தெரியாதவள். விரலை வாயில் வைத்தபடி, "நல்லதுதானே லீலா, பாதுகாப்பு" என்றாள்.

"ஓம்" என்றாள் லீலா. "நல்ல பாதுகாப்பு."

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். ஏசத் தெரியாதவளா நான்? ஆனால் அவள் துவாயை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ராஜியின் விரலுக்குத் துணி சுற்றிவிட்டாள். தாதி அல்லவா... பிறகு, "போட்டு வாறன்" என்றாள். ராஜிக்கு மட்டும்.

அவள் போனதும் கம்பியைக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். பின்னேரம் மகன் வந்து, "இஞ்சைதானே கிடக்கு! கண்ணைப் பிடரியிலயோ வைச்சுத் தேடினனீ?" என்று கேட்டான். ராஜி அழுதாள். இரண்டு பேரும் வார்த்தைக்கு வார்த்தை பேசினார்கள். நான் குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன்.

லீலா அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பஸ் தூரம் என்றாளாம், குளிர் என்றாளாம். வசந்தத்தில் ஆஸ்பத்திரியில் நின்று காட்டச் சொன்னார்கள். தடியைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. வார்டு வேலை போய்விட்டது. படங்குதான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்கள். தண்ணீரில் நடந்திருந்தாலும் சரிவந்திருக்காதோ என்னவோ... எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதைப் போல ஒரு தண்டனை இல்லை. ஆம் என்று தெரிந்தால் அழலாம். இல்லை என்று தெரிந்தால் மூச்சு விடலாம். இது இரண்டும் இல்லாமல் கிடந்து அறுக்கிறது!

பரமனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. நல்ல வேலை என்று மகன் சந்தோஷப்பட்டான். எங்களை விட்டு விலகிப்போகிறான் என்று அவனுக்கு விளங்கவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் விளங்கியிருக்கும். சொன்னேனா? சொல்லவில்லை. மகனின் முகத்தில் ஏற்படப் போகும் மாற்றத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கிணற்றுக்கட்டில் நிமிர்ந்து நின்றவள், பெற்ற பிள்ளையின் பார்வைக்குப் பயந்தேன்.

போகும் நாளன்று சொல்லிக்கொண்டு போகப் பரமன் வந்தான். காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"எங்கை லீலா?" என்று ராஜி கேட்டாள்.

"காருக்கை இருக்கிறா. கால் நோகுதாம். இறங்கேலாதாம்."

ராஜி வெளியே ஓடிப்போய்க் கார்க் கதவடியில் நின்று நெடுநேரம் கதைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். அப்போது எனக்குள் ஏதோ உந்தியது. இப்போது போகாவிட்டால் இனி இல்லை. குசினிக்குள் போய்த் தண்ணீர் வார்த்தேன். நான் குடிக்கும் பேணியிலேயே வார்த்தேன். வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதவள் நான். அதைக் கொடுப்பதை எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று நினைத்தேன், பாருங்கள்! அந்த நேரத்திலும் என் பெருமை என்னை விடவில்லை.

தெருவில் வெயில் எறித்தது. கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது. லீலா மடியில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை... தண்ணி."

திரும்பிப் பார்த்தாள். பேணியைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சிரித்தாள்.

"வேண்டாம் அம்மா. குடிச்சிட்டுத்தான் வந்தனான்."

அந்த வசனம் எனக்குத் தெரியும்! அதே வசனத்தை, அதே சிரிப்போடு, கடைசி ஒழுங்கைக் கல்யாண வீட்டு வாசல்களில் நின்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர்கள் நீட்டிய தண்ணீரைத் தொடாமல் மரியாதை கெடாமல் திரும்பிவருவதற்கு எங்களுக்கு இருந்த வசனம் அது. அதைக் கேட்டவர்களின் கை எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

கம்பியை நான்தான் எடுத்தேன் பிள்ளை, என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் பேணியைத்தான் இன்னும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவளும் காத்திருக்கவில்லை. முன்னால் திரும்பிவிட்டாள்.

நிரம்பிய பேணியோடு நடந்து வந்தேன். தளும்பிக் கையெல்லாம் நனைந்தது. முகப்புக் கதவடியில் மரத்துக்கு அதை ஊற்றிவிட்டு, வெறும் பேணியோடு உள்ளே போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகனின் முகத்தில் ஒரு சந்தோஷம். அம்மா தானாகவே எழும்பிப் போய் ஒருத்திக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வருகிறாளே என்று.

"லீலா குடிச்சாவோ அம்மா?"

"ஓம்" என்றேன்.